மறு: மறு: டிராஃப்ட், குவார்ட்டர்பேக் – அவசரமாகச் சொல் தேவை

அனுப்புநர்: சு.ம. (மிச்சிகன்)

நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்கு ஏழாம் நிலைப் பிள்ளைகள் கட்டுரை எழுதுகிறார்கள். தலைப்பை அவர்களிடமே விட்டுவிட்டோம். பொங்கலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஐந்து பேர் சேர்ந்து, 'அமெரிக்கக் கால்பந்து அணிகள் நல்ல குவார்ட்டர்பேக்கை எப்படிப் பிடிக்கின்றன' என்று எழுதிக் கொண்டுவந்து நிற்கிறார்கள். மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

விஷயம் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைப் போட்டித் தொடரான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளில் அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும். போன பருவத்தில் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. இதுதான் டிராஃப்ட். இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் 'வரைவு' என்கிறது. பந்தை எறிந்து ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு ஒரு பையன் 'கால் முதுகு' என்று எழுதியிருக்கிறான். கூடவே, பெரிதாக எதிர்பார்க்கப்பட்டு ஒன்றுமில்லாமல் போகிறவரை 'பஸ்ட்' என்கிறார்கள். அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

--

அனுப்புநர்: வ.செ. (தஞ்சாவூர்)

அன்புள்ள ஆசிரியைக்கு,

இயந்திரம் தெரியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. 'வரைவு' என்பதை எழுத்துப்படி என்ற பொருளில் மட்டும் பார்க்காதீர்கள். அகத்திணையில் வரைவு என்றால் மணம். வரைதல் என்றால் எல்லை வகுத்துத் தனக்கே உரியதாக்கிக்கொள்ளுதல். ஓர் அணி ஒருவனைத் தெரிந்தெடுத்த பிறகு வேறு அணி அவனோடு ஒப்பந்தம் பேசலாமா? பேசக்கூடாது என்றால் அது வரைவேதான். பொருளாசை பிடித்த அணி முதலாளியிடம் 'சீக்கிரம் ஒருவனை எடு' என்று விசிறிகள் நச்சரிப்பது வரைவு கடாதல், அதாவது மணம் முடிக்கச் சொல்லித் தலைவனைத் தூண்டுவது.

--

அனுப்புநர்: ர.வி. (டாலஸ்)

ஐயா சொன்னது விதிப்படி சரி. எடுத்த அணிக்கு மட்டுமே பேசும் உரிமை. ஆனால் தலைவி மறுத்தால் என்ன செய்வது? 1983இல் பால்டிமோர் கோல்ட்ஸ் முதல் வாய்ப்பில் ஜான் எல்வேயை எடுத்தது. அவர், 'உங்களிடம் ஆடுவதற்குப் பதில் பேஸ்பால் ஆடப் போகிறேன்' என்று முறுக்கிக்கொண்டார். டென்வருக்குக் கைமாற்றிவிட்டார்கள். 2004இல் ஈலை மானிங் சாண்டியாகோவுக்குப் போக மாட்டேன் என்றார். எடுத்தும் பயனில்லை, நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டுமே தலைவனோடு தலைவி வீட்டைவிட்டுப் போகும் உடன்போக்குக் கணக்கில் வருமா?

--

அனுப்புநர்: வ.செ. (தஞ்சாவூர்)

வராது. உடன்போக்கில் தலைவன் முன்பே தெரிந்தவன். இது நொதுமலர் வரைவு, அதாவது அயலார் பெண் கேட்டு வருவது. தோழியோ செவிலியோ அறத்தொடு நிற்க வேண்டும், அதாவது அவள் மனத்தை வீட்டாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். மானிங்குக்கு யார் நின்றார்கள்?

--

அனுப்புநர்: ர.வி. (டாலஸ்)

அப்பா. ஆர்ச்சி மானிங், அவரும் பழைய குவார்ட்டர்பேக். ஆகவே செவிலித்தந்தை என்று வைத்துக்கொள்ளலாம்.

--

அனுப்புநர்: கே. (டொரன்டோ)

இரண்டு பேரும் நல்லா விளையாடுறீங்கள். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை 'வரைவு' என்று அகராதியைப் புரட்டினால் அடுத்த வரியில் 'வரைவின் மகளிர்', அதாவது விலைமகளிர், வரும். குறளில் 92ஆம் அதிகாரம். விளக்கம் சொல்லப்போவது ஆசிரியை, தஞ்சாவூர் ஐயா இல்லை.

எங்கட பக்கம் 'தெரிவு' என்ற சொல் அன்றாடம் புழங்குகிறது. அணித் தெரிவு என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். 'முறைத்தெரிவு' என்றால் முறைவைத்து எடுப்பதும் வந்துவிடும். இன்னொன்று, கால்பந்து என்று எழுதுகிறீர்கள். நாங்கள் சாதாரண ஆட்டத்தையே உதைபந்தாட்டம் என்கிறோம். இவர்கள் பந்தை உதைக்கிறதே அபூர்வம், கையால்தான் எறிகிறார்கள்.

--

அனுப்புநர்: நெ. (மதுரை)

கையால் எறிவதால் கைப்பந்து என்று சொல்லிவிடலாம் என்றால் அது இங்கே வாலிபால். இலங்கையில் அதைக் கரப்பந்து என்பார்கள். பந்து தமிழில் பெயர் பற்றாக்குறையில் தவிக்கிறது.

டிராஃப்டுக்கு என் பரிந்துரை: குடவோலை. உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் இருந்த முறை.

--

அனுப்புநர்: ர.வி. (டாலஸ்)

குடவோலை குலுக்கல். என்.எஃப்.எல்.லில் குலுக்கலே கிடையாது, தோல்வி வரிசைதான் எல்லாம். கூடைப்பந்தில் என்.பி.ஏ. 1985 முதல் முதல் வாய்ப்புக்குக் குலுக்குகிறது. வேண்டுமானால் சொல்லை அங்கே கொடுத்துவிடலாம்.

இப்போது குவார்ட்டர்பேக். பழைய ஆட்டத்தில் முன்வரிசைக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதை வைத்துக் கால், அரை, முழு என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கணக்கை மொழிபெயர்ப்பதில் பயனில்லை. அவர் செய்யும் வேலையைப் பாருங்கள். ஆட்டத்தில் ஒரு நகர்வுக்கும் அடுத்த நகர்வுக்கும் நடுவே 40 விநாடிக் கடிகாரம் ஓடும். தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளர் குரல் கேட்கும். கடிகாரம் 15ஐத் தொட்டதும் ஒலி துண்டிக்கப்படும். அதற்குள் காதில் விழுந்த நீளமான சங்கேத வரியைச் சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு எதிரணி நிற்கும் நிலையைப் பார்த்து, தேவைப்பட்டால் சொன்னதை மாற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் எறிதல்.

கல்லூரியில் பல அணிகள் மைதான ஓரத்திலிருந்து சைகையும் படப் பலகையும் காட்டியே காலம் தள்ளின. அங்கே சிங்கமாக இருந்தவன் இங்கே வந்து வாயைத் திறக்கவே திணறுவது இதனால்தான். கையின் வலு எல்லோருக்கும் தெரிகிறது. தலைக்குள் நடப்பதை, டிராஃப்டுக்கு முன் இண்டியானபோலிசில் நடக்கும் சோதனை முகாமில் ஓடவிட்டும் உள்ளங்கையை அளந்தும் கண்டுபிடிக்க முடிவதில்லை. பின்னால் பெரும் நட்சத்திரமான டாம் பிரேடியை 2000இல் 199ஆவதாகத்தான் எடுத்தார்கள்.

--

அனுப்புநர்: வ.செ. (தஞ்சாவூர்)

அப்படியானால் சொல் கிடைத்துவிட்டது: ஏவுநர். பந்தையும் ஏவுகிறார், ஆட்களையும் ஏவுகிறார். ஓரெழுத்தொருமொழியில் 'ஏ' என்றாலே அம்பு. ஏவுகணை பிள்ளைகளுக்குத் தெரியும். ஏவல் வினைமுற்று இன்றில்லாவிட்டாலும் நாளை படிப்பார்கள்.

--

அனுப்புநர்: நெ. (மதுரை)

ஏவல் என்றால் எங்கள் ஊரில் பில்லி, சூனியம், ஏவல். ஏவலாள் என்றால் வேலைக்காரன். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குபவரை அப்படியா சொல்வது? 'ஆட்ட நடத்துநர்' என்று வைக்கலாம்.

--

அனுப்புநர்: கே. (டொரன்டோ)

நடத்துநர் என்றால் தமிழ்நாட்டில் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் அல்லவா? தலைக்கவசத்துக்குள் உத்தரவு கேட்டு நடப்பவர் என்று டாலஸ் அண்ணையே சொல்லியிருக்கிறார். ஏவலாளும் பொருத்தம்தான்.

--

அனுப்புநர்: சு.ம. (மிச்சிகன்)

ஐயா, 'ஏவுநர்' எனக்குப் பிடித்திருக்கிறது. வகுப்பில் கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில், 'மிஸ், குவார்ட்டர்பேக்னே எழுதலாமே' என்றார்கள்.

கட்டுரையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. புதிதாக எடுத்தவரை உடனே களத்தில் இறக்காமல் மூத்தவருக்குப் பின்னால் உட்காரவைத்துத் தேற்றுவது. கிரீன் பே அணி 2005இல் ஏரன் ராஜர்ஸை எடுத்து மூன்று பருவம் பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் உட்காரவைத்தது. பிறகு 2020இல் ஜோர்டன் லவ்வை எடுத்து, அதே ராஜர்ஸுக்குப் பின்னால் மூன்று பருவம். கான்சஸ் சிட்டியில் மஹோம்ஸ் முதல் பருவத்தில் ஒரே ஒரு ஆட்டத்தில் இறங்கினார், அடுத்த பருவத்தில் 50 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்து சேர்ந்து புள்ளி கிடைப்பது) எறிந்தார். இப்படி வளர்ப்பதற்கு ஒரு பெயர் வேண்டும் என்கிறார்கள்.

--

அனுப்புநர்: வ.செ. (தஞ்சாவூர்)

நாற்றங்கால். காவிரிக் கரையில் இருப்பவனைக் கேட்டால் வேறென்ன சொல்வான்?

--

அனுப்புநர்: ர.வி. (டாலஸ்)

நல்ல சொல். ஆனால் நாற்று முற்றும்வரை இப்போது யாரும் பொறுப்பதில்லை. 2010இல் முதலில் எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 5 கோடி உறுதி. 2011இல் புது ஊதிய விதி வந்தது. அந்த ஆண்டு முதலில் எடுக்கப்பட்ட கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடிதான். நல்ல குவார்ட்டர்பேக் மலிவாகக் கிடைக்கும் அந்த நான்கு ஆண்டுக்குள் மிச்சப் பணத்தில் மற்றவர்களை வாங்கிக் கோப்பையைத் தட்ட வேண்டும் என்று எல்லா அணிகளும் கணக்குப் போடுகின்றன. அதில் ஓர் ஆண்டைப் பெஞ்சில் கழிப்பது அவர்களுக்கு நஷ்டம்.

'பஸ்ட்'டுக்குப் புஸ்வாணம் என்று எழுதுங்கள். 1998இல் முதலில் பெய்டன் மானிங், இரண்டாவது ரையன் லீஃப். இருவரில் யார் மேல் என்று அப்போது பட்டிமன்றமே நடந்தது. லீஃப் புஸ்வாணம்.

--

அனுப்புநர்: நெ. (மதுரை)

வாணம் என்பது பாணத்தின் திரிபு. வடசொல்.

--

அனுப்புநர்: கே. (டொரன்டோ)

அம்பு திரும்பவும் வந்துவிட்டது.

--

அனுப்புநர்: சு.ம. (மிச்சிகன்)

புஸ்வாணத்தைப் பிள்ளைகள் கொண்டாடினார்கள். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. சான்பிரான்சிஸ்கோ அணி 2021இல் மூன்றாவது இடத்துக்கு முன்னேற மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து ட்ரே லான்ஸை எடுத்தது. அங்கே அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது நான்கே ஆட்டம். இரண்டாம் பருவத் தொடக்கத்திலேயே கணுக்கால் உடைந்தது. 2023இல் ஒரே ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு டாலஸுக்கு மாற்றிவிட்டார்கள். கால் உடைந்த இளைஞனைப் புஸ்வாணம் என்று எழுத நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?

அதே அணி 2022இல் 262ஆவதாக, எல்லோருக்கும் கடைசியாக, பிராக் பர்டியை எடுத்தது. அடுத்த பருவத்தில் அவர் அணியை இறுதிப் போட்டியான சூப்பர் போல் வரை அழைத்துப்போனார். கடைசியில் எடுக்கப்படுபவருக்கு ஆங்கிலத்தில் 'பொருட்படுத்தத் தேவையில்லாதவர்' என்பதுபோல ஒரு கிண்டல் பெயர் இருக்கிறது. அதற்கு என்ன சொல்லலாம்?

--

அனுப்புநர்: கே. (டொரன்டோ)

கடைக்குட்டி.

--

அனுப்புநர்: நெ. (மதுரை)

கடைக்குட்டி. மறுப்பில்லை.

--

அனுப்புநர்: வ.செ. (தஞ்சாவூர்)

ஏற்கிறேன்.

--

அனுப்புநர்: மட்டுறுத்துநர்

இந்தக் குழுவில் மூன்று பேர் ஒத்துப்போனதாக நினைவில்லை. வெள்ளிக்கிழமை நெருங்குவதால் தொகுக்கிறேன். டிராஃப்ட்: முறைத்தெரிவு (பெரும்பான்மை, தஞ்சாவூர் மறுப்பு பதிவாகிறது). குவார்ட்டர்பேக்: அப்படியே எழுதி, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் ஏவுநர். கடைக்குட்டி: ஒருமனதாக. நாற்றங்கால்: ஆசிரியை விருப்பம். பஸ்ட்: முடிவில்லை.

--

அனுப்புநர்: சு.ம. (மிச்சிகன்)

மிக்க நன்றி. மலர் அச்சுக்குப் போய்விட்டது. 'பஸ்ட்' வரும் இடத்தில் 'எதிர்பார்த்தபடி அமையவில்லை' என்று வாக்கியமாகவே மாற்றிவிட்டோம். அச்சகத்தில் 'ஏவுனர்' என்று அடித்திருக்கிறார்கள்.

--

அனுப்புநர்: வ.செ. (தஞ்சாவூர்)

ஏவு + நர் = ஏவுநர். இயக்குநர், ஓட்டுநர், பெறுநர் போல. இந்த மடல்களின் தலையிலேயே 'அனுப்புநர்' என்றுதான் இருக்கிறது. அச்சகத்தாரிடம் சொல்லித் திருத்தத் தாள் ஒன்று செருகச் சொல்லுங்கள். வரைவு பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.