ஸ்லிட்டிங் சா (மில்லிங் மெஷினில் கீறல் வெட்டும் மெல்லிய வட்ட பிளேடு) உடைந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

மார்த்தாண்டத்திலிருந்து:
மூன்று வாரம் ஆகியும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினுக்கு ஒரு அலுமினிய கிளாம்ப் காலர், அதாவது தண்டை இறுக்கிப் பிடிக்கும் வளையம். ஒரு பக்கம் கீறல் போட்டால் வேலை முடிந்தது. 63 மி.மீ. பிளேடு, 1 மி.மீ. கனம், நடுத்துளை 16 மி.மீ. ஆர்பர் (பிளேடை மாட்டும் பிடி) ஆன்லைனில் வாங்கியது. பல் தொட்டதுமே டக்… டக்… டக் என்று சுற்றுக்கு ஒரு தட்டு. ஒரு பக்கத்துப் பல் மட்டும்தான் வெட்டுகிறது என்று தெரிந்தும் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஆறேழு மி.மீ. உள்ளே போனதும் படார். நாலு துண்டு. ஒன்று என் கன்னத்தை ஒட்டிப் போய்க் கதவுப் பலகையில் குத்தி நின்றது. கண்ணாடி போட்டிருந்தேன், அவ்வளவுதான். அப்புறம் அளந்து பார்த்தால் ஆர்பரில் பிளேடு உட்காரும் இடம் 15.9 மி.மீ.தான் இருக்கிறது.

குளச்சலிலிருந்து:
எனக்குப் பிளேடு உடையவில்லை, அதைப் பிடிக்கும் ஸ்க்ரூ கழன்றது. வள்ளத்து இஞ்சினுக்கு ஒரு ஸ்டெயின்லெஸ் புஷ் (தண்டுக்கு உருளை உறை). பிளேடைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். கழற்றச் சோம்பல்பட்டு மெஷினை ரிவர்ஸில் ஓட்டினேன். பாதி வெட்டில் பிளேடு அப்படியே நின்றுவிட்டது, ஆர்பர் மட்டும் அதன் துளைக்குள் சுற்றுகிறது! எடுத்துப் பார்த்தால் துளையைச் சுற்றி நீல வளையம். நேராகச் சுற்றும்போது வெட்டின் இழுவை கீழே உள்ள ஸ்க்ரூவை இறுக்கும், ரிவர்ஸில் அதே இழுவை அவிழ்த்துவிடும். அன்றுதான் புரிந்தது.

கோணம் ஊரிலிருந்து:
மார்த்தாண்டம் தம்பி, காலர் கனம் என்ன, பிளேடு பொடிப்பல்லா பெரும்பல்லா என்று எழுதவே இல்லையே. ஆர்பரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 15.9இல் 16 துளை ஒரு பக்கம் ஒதுங்கி இறுகினால் டயலில் (ஆட்டம் அளக்கும் கருவி) 0.1 மி.மீ. ஆட்டம் வரும், சரி. மெதுவாகத் தள்ளும்போது ஒரு பக்கத்துப் பற்களே பெரும்பாலான சுமையைத் தாங்கும். ஆனால் ஆழமான வெட்டில் பொடிப்பல் போட்டால் அலுமினியம் பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும், ஆர்பர் சரியாக இருந்தாலும் உடையும். பெரும்பல் வாங்குங்கள், மண்ணெண்ணெய் தடவிக்கொண்டே வெட்டுங்கள். டிரில் சக்கில் ஆர்பரைப் பிடிக்கவே கூடாது, கோலட்தான் (சுற்றிலும் சமமாகக் கவ்வும் பிடி). வேலையைப் பல்லுக்கு எதிராகத் தள்ளுங்கள். சின்ன மெஷினில் மேசையை நகர்த்தும் நட்டில் ஆட்டம் இருக்கும், பல் போகும் திசையிலேயே தள்ளினால் பிளேடு வேலையை உள்ளே இழுத்துவிடும். 100 மி.மீ. பிளேடு ஆசை வேண்டாம். இரும்புக்கு அது நிமிடத்துக்கு 80 சுற்றில் ஓட வேண்டும், நம் மெஷினில் பலவும் அவ்வளவு மெதுவாக ஓடாது. 63 போதும். ஆர்பர் தலையின் விட்டம் 30 மி.மீ. என்றால் 16.5 மி.மீ. ஆழம் கிடைக்கும். ஆர்பரை லேத்தில் நீங்களே கடைவது நல்லது. தண்டையும் பிளேடு உட்காரும் இடத்தையும் ஒரே பிடிப்பில் முடியுங்கள், சக்கிலிருந்து கழற்றித் திருப்பிப் பிடித்தால் போச்சு. கீ (பிளேடு வழுக்காமல் பூட்டும் சிறு கட்டை) போடவும் வேண்டாம், சிக்கினால் வழுக்கட்டும். எனக்கும் இரண்டு பிளேடு உடைந்திருக்கிறது.

நாகர்கோவிலிலிருந்து:
கோணம் அண்ணாச்சி, கீ வேண்டாம் என்பது மெல்லிய பிளேடுக்குத்தான். 3 மி.மீ. பிளேடில் இரும்பு வெட்டும்போது எனக்கு வழுக்கி, ஆர்பர் முகமே கீறிப்போனது. மொத்தமாகச் சொல்லாதீர்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:
காலர் கனம் 12 மி.மீ. பிளேடு பொடிப்பல்தான் அண்ணாச்சி, நீங்கள் சொன்னது சரி. நேற்று லேத்தில் ஒரே பிடிப்பில் ஆர்பர் கடைந்தேன். பிளேடைக் கையால் அழுத்தித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. டயல் 0.02 காட்டியது. புதிதாக வாங்கிய பெரும்பல் பிளேடு, மண்ணெண்ணெய், அதே அளவு காலர். தட்டே இல்லை. ஸ்ஸ்ஸ் என்று ஒரே இழுவையாகச் சத்தம், கடைசி வரை.