உதவி தேவை: முதுகெலும்பு பொருந்துகிறது, நுரையீரல் கட்டி 7 மி.மீ. விலகி நிற்கிறது

கேள்வி (கதிர்வீச்சு சிகிச்சைத் தொழில்நுட்பர்)

வணக்கம். இடது நுரையீரலின் கீழ்மடலில் கட்டி உள்ள ஒருவருக்கு எஸ்பிஆர்டி (சில அமர்வுகளிலேயே அதிகக் கதிரைத் துல்லியமாகக் கட்டியில் செலுத்துவது) முறையில் 5 அமர்வுகளில் 50 கிரே (கதிர் அளவின் அலகு) கொடுத்துவருகிறோம். வேக்யூம் மெத்தையில் படுக்கவைத்து, கைகளைத் தலைக்கு மேலே விங் போர்டில் (கைதாங்கும் பலகை) வைத்து, தோலில் இட்ட புள்ளிகளை லேசர் கோட்டோடு சேர்த்த பிறகு கோன் பீம் சிடி (சிகிச்சை மேசையில் படுத்தபடியே எடுக்கும் சிடி படம்) எடுக்கிறோம். முதுகெலும்பைத் திட்டப் படத்தோடு (சிகிச்சையைத் திட்டமிட முன்பே எடுத்த சிடி) பொருத்தினால் எலும்புகள் அச்சாக உட்காருகின்றன. கட்டி மட்டும் கால்பக்கமாக ஏறத்தாழ 7 மி.மீ. இறங்கி, 5 மி.மீ. விளிம்பு விட்டு வரைந்த பிடிவி (கதிர் விழ வேண்டிய இலக்குப் பகுதி) எல்லையைத் தாண்டி நிற்கிறது. முதல் அமர்வில் மருத்துவர் நேரில் பார்த்து, கட்டிக்கு ஏற்ப மேசையை நகர்த்தச் சொன்னார். இரண்டாம் அமர்விலும் அதே திசையில் அதே அளவு விலகல். இப்படி ஒவ்வொரு முறையும் மேசையை நகர்த்திக்கொண்டே போகலாமா? தண்டுவடத்துக்குக் கதிர் அளவு கூடிவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது.

மறுமொழி (மருத்துவ இயற்பியலாளர்)

கட்டியைப் பொருத்தியதே சரி. நுரையீரல் கட்டி முதுகெலும்போடு கட்டிவைக்கப்பட்டதன்று. மூச்சின் ஆழம் மாறினாலே அதன் சராசரி இடம் மாறிவிடும். தண்டுவடம் உடலின் நீளவாக்கில் செல்வதால், கால்பக்க நகர்வால் அதற்கு வரும் பாதிப்பு பொதுவாகக் குறைவு; பக்கவாட்டிலோ முன்பின்னாகவோ நகர்த்த நேரும்போதுதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இருந்தாலும் ஊகத்தில் விடாமல், தண்டுவடத்தின் வரம்பு அளவுக்குரிய சமஅளவுக் கோட்டை (ஒரே கதிர் அளவு பெறும் இடங்களை இணைக்கும் கோடு) கோன் பீம் படத்தின்மேல் போட்டுப் பாருங்கள். உங்கள் நோயாளிக்கு இரைப்பையையும் இதயத்தையும் அவ்வாறே பார்ப்பது இன்னும் முக்கியம்.

அதற்கு முன் ஒன்றை உறுதிசெய்யுங்கள்: ஒப்பிடுவதற்கு எந்தப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள்? கோன் பீம் சிடி எடுக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆவதால், பல மூச்சுகளின் சராசரியே அதில் பதிகிறது. எனவே 4டி சிடியின் (மூச்சின் எல்லாக் கட்டங்களையும் பதிவுசெய்யும் சிடி) சராசரிப் படத்தோடுதான் அதை ஒப்பிட வேண்டும். மூச்சின் ஒரே கட்டத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், இல்லாத விலகலும் இருப்பதுபோல் தெரியும்.

படம் சரியாக இருந்தும் விலகல் ஒரே திசையில் திரும்பத் திரும்ப வருமானால், அது முறைசார் பிழை. எவ்வளவு விளிம்பு விட வேண்டும் என்று கணக்கிட இயற்பியலாளர் வான் ஹெர்க் 2000ஆம் ஆண்டில் தந்த சூத்திரத்தில் தற்செயல் பிழை 0.7ஆல் பெருக்கப்பட, முறைசார் பிழை 2.5ஆல் பெருக்கப்படுகிறது. தற்செயல் பிழை கதிர் அளவின் ஓரத்தை மங்கச்செய்யும். முறைசார் பிழையோ கதிர் அளவு முழுவதையுமே கட்டியிலிருந்து தள்ளிவிடும். அதன் காரணத்தைத் திட்டப் படம் எடுத்த நாளில் தேடுங்கள்.

மறுமொழி (மூத்த தொழில்நுட்பர்)

தம்பி, படுக்கவைத்த விதத்தையும் ஒருமுறை பாருங்கள். மெத்தையில் காற்று கசிந்து, ஓரத்தை அழுத்தினால் விரல் பதிகிறதா? விங் போர்டு மேசையில் அதே எண்ணில் பூட்டப்பட்டிருக்கிறதா? தோள்வலி உள்ளவர்கள் முழங்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடுவார்கள். அதோடு மார்பின் தோல் இழுபட்டுப் புள்ளிகளும் நகரும். உடல் முறுகியோ சாய்ந்தோ இருந்தால் மேசையை நகர்த்திச் சரிக்கட்டாதீர்கள். எழுப்பி உட்காரவைத்து, மறுபடி படுக்கவைப்பதே நல்லது. இன்னொன்று, கீழ்மடல் கட்டி என்பதால் கேட்கிறேன்: திட்டப் படம் எடுத்தபோது அவர் சாப்பிட்டிருந்தாரா?

கேள்வி கேட்டவர்

ஒப்பிடும் படம் 4டி சிடியின் சராசரிப் படம்தான். மெத்தையும் பூட்டும் சரியாக உள்ளன. ஆனால் திட்டப் படம் மதிய உணவு முடித்துச் சிறிது நேரத்தில் எடுக்கப்பட்டது என்று அவருடைய மகள் சொல்கிறார். சிகிச்சைக்கோ காலையில் வெறும் வயிற்றோடு வருகிறார்.

மறுமொழி (கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர்)

அப்படியானால் நிறைந்த இரைப்பை இடது உதரவிதானத்தை மேலே தள்ளியிருக்க வாய்ப்பு அதிகம். அன்று கட்டியும் மேலே இருந்திருக்கும். மேசையை நகர்த்துவது கட்டியின் சராசரி இடத்தைத்தான் சரிசெய்யும். இப்போது உதரவிதானம் முன்பைவிட அதிகமாக அசைகிறதென்றால், பழைய ஐடிவிக்குள் (மூச்சோடு கட்டி அசையும் இடம் முழுவதையும் சேர்த்து வரைந்த பகுதி) அந்த அசைவு அடங்காது. உங்கள் மருத்துவரிடம் சொல்லி, சிகிச்சை நேரத்திலேயே, அதே வயிற்று நிலையில் 4டி சிடியை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த அமர்வை ஓரிரு நாள் தள்ளிவைப்பதால் கேடில்லை. ஐந்தே அமர்வுகளில் ஒன்று குறி தவறினால், மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும். எடுக்கும்போதே நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கியிருக்கிறதா, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அவையும் கட்டியை இழுத்தோ தள்ளியோ விடும்.

கேள்வி கேட்டவர்

காலையில் வெறும் வயிற்றில் 4டி சிடி எடுத்தாயிற்று. சுருக்கமோ நீரோ இல்லை. கட்டியின் அசைவு முன்பைவிட மேலும் கீழும் கூடுதலாக இருந்ததால், மருத்துவர் ஐடிவியைப் புதிதாக வரைந்து, இயற்பியலாளர் திட்டத்தை மாற்றியமைத்தார். மூன்றாம் அமர்வில் எலும்பைப் பொருத்தியபோதே கட்டி 2 மி.மீ.க்குள் நின்றது, அந்த மிச்சத்தைக் கட்டியைப் பார்த்துச் சரிசெய்தோம். வரவேற்பு மேசையில் கொடுக்கும் அறிவுறுத்தல் தாளில் இனி சாப்பாட்டு நேரத்தையும் எழுதித் தருகிறோம். அவருக்குத் தோள்வலியும் உண்டு என்பதால், மீதமுள்ள ஒவ்வோர் அமர்வின் நடுவிலும் ஒரு கோன் பீம் சிடி எடுக்க மருத்துவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.