தரையில் இலை அசையவில்லை, ஆனாலும் பலூன் பறப்பு ரத்து: ஏன்?

புதுப்பயணி

வெப்பக்காற்று பலூனில் பயணியாகப் போக நினைப்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் இவை. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும். விடியற்காலையில் ஒரு இலைகூட அசையாத நாளிலும் பைலட் "இன்று இல்லை" என்று சொல்லிவிடுகிறாரே, காற்று இல்லாவிட்டால் நல்லதுதானே? அடுத்தது, படிவத்தில் உடல் எடையை ஏன் அவ்வளவு கறாராகக் கேட்கிறார்கள்? வீட்டளவு உயரமுள்ள பலூனுக்கு ஐந்தாறு கிலோ குறைத்துச் சொன்னால் என்ன ஆகிவிடும்? கடைசியாக, இறங்கும்போது கூடை சாய்ந்து தரையில் இழுபடும் காணொளிகள் நிறைய வருகின்றன. அதெல்லாம் விபத்தா, இல்லை வழக்கமே அப்படித்தானா?

மேலடுக்கு

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். இலை அசையாத விடியல்தான் சில நாட்களில் மோசமான விடியல்.

மேகமில்லாத இரவில் தரை சீக்கிரம் குளிரும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, தரையோடு படிந்துவிடும். அதற்கு மேலே இருப்பது அதைவிட வெதுவெதுப்பான காற்று. பைலட்டுகள் இதை இன்வெர்ஷன் என்பார்கள். படிந்த குளிர்காற்று ஒரு மெத்தை மாதிரி. மேலே ஓடும் காற்றுக்குத் தரையின் உராய்வு எட்டாது, அதனால் அது இன்னும் வேகம் பிடிக்கும். தரையில் 2 நாட் காட்டும்போது 200, 300 மீட்டர் உயரத்தில் 25 நாட் ஓடுவது சாதாரணமாக நடப்பதுதான் (1 நாட் என்றால் மணிக்கு 1.85 கி.மீ.).

கிளம்புவதில் சிக்கலே வராது. இறங்குவதில்தான் வரும். வெயில் ஏறியதும் தரை சூடாகி அந்தக் குளிர் மெத்தை கலைகிறது, மேலே ஓடிய காற்று கீழே கலக்கிறது. சூரியன் உதித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் இது நடக்கும். பறப்பு ஒரு மணி நேரம் என்றால், பலூன் தரையைத் தேடிவரும் நேரமும் ஏறத்தாழ அதுதான். பயணிகளோடு கிளம்ப 8 முதல் 10 நாட் வரை, இறங்க 15 நாட் வரை என்பது பெரும்பாலான பைலட்டுகள் வைத்திருக்கும் அளவு. அந்தந்த பலூனின் கையேட்டில் உள்ள எல்லையைத் தாண்டக் கூடாது என்பது தனி.

கிளம்பும் முன் பைலட் சின்ன ஹீலியம் பலூன் ஒன்றைப் பறக்கவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். அதன் பெயர் பைபால். எந்த உயரத்தில் அது திசை மாறுகிறது, எங்கே திடீரென்று வேகமெடுக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அன்றைய முடிவு. அது நேராக மேலே போய்ச் சட்டென்று ஒரு பக்கமாக வெட்டி ஓடினால், இரண்டு அடுக்குகளுக்கு இடையே வேக வித்தியாசம் அதிகம் என்று அர்த்தம். அந்த எல்லையைக் கடக்கும் சில நொடிகள் பலூனின் உச்சி வேகமான காற்றிலும் கூடை அசையாத காற்றிலும் இருக்கும். துணி ஒரு பக்கம் குழிந்து, வாய் நசுங்கி, உள்ளே இருக்கும் சூடான காற்று கொட்டும். அந்த நேரம் பர்னரை அடித்தால் தீ துணியில் படும். வாயருகே இருக்கும் நோமெக்ஸ் என்ற தீ தாங்கும் துணி தாங்கும், அதற்கு மேலே இருக்கும் நைலான் உருகும்.

ஆகவே ரத்து செய்த பைலட் கண்ணுக்குத் தெரியாததைப் பார்த்திருக்கிறார். பணம் திரும்ப வருமா என்பது வேறு கேள்வி.

தணல்

எடைக் கணக்கு. கொஞ்சம் எண்கள் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ எடை. அதையே 100 டிகிரிக்குச் சூடாக்கினால் 0.946 கிலோ. வித்தியாசம் 0.28 கிலோ, அதாவது 280 கிராம். ஒரு கன மீட்டர் சூடான காற்று தூக்குவது அவ்வளவுதான். பலூன் ஏன் வீடு மாதிரி இருக்கிறது என்பதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

3,000 கன மீட்டர் பலூனை எடுத்துக்கொள்வோம். உள்ளே 100 டிகிரி. வெளியே 10 டிகிரி என்றால் மொத்தத் தூக்குவிசை சுமார் 900 கிலோ. வெளியே 30 டிகிரி என்றால் 655 கிலோ. பலூனும் அதுதான், கேஸும் அதுதான். வெளிக்காற்று 20 டிகிரி கூடியதற்கே 245 கிலோ போய்விட்டது.

இதில் உறை, அதாவது காற்று நிரம்பும் துணிப்பை, சுமார் 120 கிலோ, கூடையும் பர்னரும் சேர்ந்து இன்னொரு 120, 20 கிலோ புரோப்பேன் நிரப்பிய சிலிண்டர் நான்கு இருந்தால் 150க்கு மேல். ஆக 400 கிலோ ஆள் ஏறும் முன்பே காலி. குளிர்நாளில் மிச்சம் 500 கிலோ: பைலட்டும் ஐந்து பேரும். சூடான நாளில் மிச்சம் 255 கிலோ: பைலட்டும் இரண்டு பேரும். இதனால்தான் எடையை வாங்கி, அன்றைய வெப்பத்தைப் போட்டு, சுமைக் கணக்கு எழுதிய பிறகே ஆட்களைக் கூடையில் பிரிக்கிறார்கள். துணிமணி, பை, கேமரா எல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரே ஆள் ஆறு கிலோ மறைத்தால் பலூன் விழாது. பத்து பேர் கூடையில் பத்து பேரும் மறைத்தால் 60 கிலோ, அதாவது டிக்கெட் வாங்காத ஒரு பயணி.

கூடைக்கயிறு

தணல் கணக்கு சரி, ஆனால் 100 டிகிரியை ஏதோ வழக்கமான நிலை போலப் போட்டுவிட்டார். நல்ல பைலட் அவ்வளவு சூட்டில் ஓட்ட மாட்டார். நைலான் உறைகளுக்குத் தொடர்ச்சியான எல்லை பொதுவாக 120 டிகிரி அளவில் இருக்கும். உச்சியில் வெப்பமானி உண்டு, அதோடு உருகும் இணைப்பு ஒன்றும் இருக்கும். எல்லை தாண்டினால் அது உருகி ஒரு சிறு கொடி கூடைக்குள் விழும். விழுந்தால் உடனே சுமையைக் குறைக்க வேண்டும் அல்லது இறங்க வேண்டும். எல்லைக்குக் கீழேயும் சூடு கூடக் கூடத் துணி சீக்கிரம் நைந்து காற்று கசியும். கசிந்தால் கேஸ் அதிகம் செலவாகும்.

உயரத்தையும் சேர்க்க வேண்டும். கிளம்பும் இடமே கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டர் மேலே இருந்தால், அதே வெப்பநிலைகளில் தூக்குவிசை 11 சதவீதம் குறைவு.

இப்போது இறங்குவது. கூடை சாய்வது விபத்து இல்லை. காற்று 5 நாட்டுக்குக் கீழே இருந்தால் நின்றபடியே இறங்கும். 8, 10 நாட் வந்தால் சாயும், கொஞ்ச தூரம் இழுபடும். ஏன் இழுபடுகிறது என்றால், பலூனுக்குள் இருக்கும் காற்றுக்கும் எடை உண்டு. 3,000 கன மீட்டர் சூடான காற்று கிட்டத்தட்ட 2.8 டன். கூடை, ஆட்கள் சேர்த்தால் மூன்றரை டன்னுக்கு மேல். அதற்கு பிரேக் கிடையாது. தரையில் கூடை உரசுவதும், உச்சியில் இருக்கும் பாராசூட் வால்வைக் கயிறு இழுத்துத் திறந்து காற்றை வெளியேற்றுவதும்தான் பிரேக். வேகம் 10 நாட்டிலிருந்து 15 ஆனால் ஆற்றல் ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டே கால் மடங்கு ஆகும்.

அதனால் நிற்கும் முறை முக்கியம். தடுப்புகள் உள்ள பெரிய கூடையில், போகும் திசைக்கு முதுகைக் காட்டி, முதுகும் தலையும் பின்னால் உள்ள சுவரில் ஒட்டும்படி நில்லுங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உள்பக்கக் கயிற்றுப் பிடியை இரண்டு கையாலும் பிடியுங்கள். கூடை சாய்ந்தால் மல்லாந்து படுத்த நிலையில் இருப்பீர்கள், அதுதான் வேண்டும். அதிகம் அடிபடுவது கணுக்காலும் காலும்தான். காலை விறைப்பாக வைத்திருப்பதும், எட்டிப் பார்ப்பதும், ஒரு கையில் போன் பிடித்திருப்பதும்தான் காரணங்கள். கையை வெளியே நீட்டக் கூடாது. கேஸ் குழாயையோ, தொங்கும் சிவப்பு அல்லது சிவப்பு-வெள்ளைக் கயிற்றையோ பிடிமானம் என்று நினைத்துப் பிடித்துவிடாதீர்கள். அது வால்வுக் கயிறு.

பலூன் நின்ற பிறகும் பைலட் சொல்லாமல் இறங்கக் கூடாது. 80 கிலோ ஆள் குதித்துவிட்டால் 80 கிலோ தூக்குவிசை மிச்சம். மற்றவர்களோடு பலூன் மறுபடி எழும்பும்.

புதுப்பயணி

நன்றி. அப்படியானால் கயிற்றில் கட்டி 20, 30 மீட்டர் மட்டும் ஏற்றி இறக்குகிறார்களே, அது பாதுகாப்பானதுதானே? மின்கம்பி பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

மேலடுக்கு

கட்டிய பலூனுக்குத்தான் காற்று பகை. சுதந்திரமாகப் பறக்கும் பலூன் காற்றோடே போவதால் அதற்குக் காற்றின் தள்ளலே தெரியாது, 20 நாட்டிலும் கூடைக்குள் வைத்த காகிதம் பறக்காது. கட்டிப்போட்டால் அந்த வேகம் முழுவதும் துணியில் மோதும். உறை பாய்மரம் மாதிரி ஆகிவிடும், குழியும், சரியும், கயிறு வெட்டி இழுக்கும். கட்டி ஏற்றுவதற்குக் காற்று 5, 6 நாட்டுக்குள் இருப்பது நல்லது. மூன்று திசையில் கனமான வண்டிகளோடு கட்ட வேண்டும், ஒரே கயிறு போதாது. ஒரு வண்டியோடு மட்டும் கட்டியிருந்து மாலையில் காற்று வீச ஆரம்பித்தால் ஏறாமல் திரும்புவது புத்திசாலித்தனம்.

தணல்

காற்றில் கட்டி வைத்து நிரப்புவதில் இன்னொரு பொறி உண்டு, அதைப் பயணிகளிடம் யாரும் சொல்வதில்லை: பொய்த் தூக்கு. நிற்கும் பலூனின் வளைந்த உச்சிமேல் காற்று ஓடும்போது, விமானச் சிறகில் வருவது போல, மேல்நோக்கி ஒரு இழுப்பு வரும். உள்ளே சூடு போதாதபோதே பலூன் கிளம்பத் துடிக்கும். கட்டிய கயிற்றை அவிழ்த்துவிடும் விடுகொக்கியை இழுத்ததும் எழும்பும், சில நொடிகளில் காற்றின் வேகத்தைப் பிடித்துவிடும். அப்போது உச்சிமேல் காற்று ஓடுவது நின்றுபோகும், இழுப்பும் போய்விடும், பலூன் இறங்க ஆரம்பிக்கும். எதிரே மரமோ கட்டடமோ இருந்தால் அங்கேதான்.

பர்னரை அடித்த உடனே பலூன் ஏறாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடு பரவி வேலை செய்யப் பல நொடிகள் ஆகும், பெரிய பலூனில் இன்னும் அதிகம். பைலட் இப்போது அடிப்பது கொஞ்ச நேரம் கழித்து வரப்போகும் நிலைக்காக. பொய்த் தூக்குக்கு மருந்து, மரங்களின் மறைவில் நிரப்புவதும், தேவைக்கு மேலே சூடேற்றிய பிறகே கொக்கியை விடுவதும்.

கூடைக்கயிறு

மின்கம்பி. பலூன் விபத்துகளில் உயிர் போவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று. 2012 ஜனவரி 7 அன்று நியூசிலாந்தின் கார்ட்டர்டனில் 11 பேர், 2016 ஜூலை 30 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் லாக்ஹார்ட் அருகே 16 பேர். இரண்டிலும் பலூனில் இருந்த யாரும் பிழைக்கவில்லை, இரண்டிலும் உயர் அழுத்தக் கம்பி.

விதி எளிது, ஆனால் மனம் ஒப்பாது: கம்பி நெருங்கிவிட்டால் மேலே ஏறித் தாண்டப் பார்க்கக் கூடாது, வேகமாக இறங்க வேண்டும். தணல் சொன்ன அந்தத் தாமதம்தான் காரணம். ஏற அடித்தால், சூடு வேலை செய்யும் முன் கூடையோ, சிலிண்டர்களோ, பர்னர் சட்டமோ கம்பியில் மாட்டும். எஃகும் கேஸும் இருக்கும் இடம் அது. வால்வை முழுதாகத் திறந்து இறங்கினால் கம்பி துணியில் படும், கூடை கீழே இருக்கும். தரையில் பலமாக மோதினால் எலும்பு முறியலாம், அது தேவலை. கார்ட்டர்டனில் பைலட் ஏறித் தாண்டப் பார்த்தார் என்பது விசாரணையில் வந்தது. படுவதற்கு முன்பே சிலிண்டர் வால்வுகளை மூடி, குழாயில் மிஞ்சிய கேஸை எரித்துவிட வேண்டும். கம்பியில் மாட்டி நின்றுவிட்டால், மின்சாரம் துண்டித்ததை மின்வாரியமே உறுதி செய்யும் வரை உள்ளே இருப்பவர் தரையைத் தொடக் கூடாது, வெளியே இருப்பவர் கூடையைத் தொடக் கூடாது.

தணல்

ஒன்று விட்டுப்போச்சு. தலைக்கு மேலேயே பர்னர் எரிவதால் உயரமானவர்களுக்கு உச்சி சுடும், பருத்தித் தொப்பி போதும். காலுக்குக் கணுக்காலை மூடும் தட்டையான ஷூ. செருப்போடு வந்தால் பல இடங்களில் ஏற்ற மாட்டார்கள்.