பெங்களூரில் முழுநேர நடனப் படிப்பு: படித்தவர்கள் சொல்கிறார்கள்

அல்சூரிலிருந்து:

பரதம் தெரிந்தால் முழுநேர கன்டெம்பரரி (தற்கால நடனம்) படிப்பு சுலபமா என்று பலரும் கேட்கிறார்கள். பாதி சுலபம், பாதி தொல்லை. தாளம், ஞாபகம், கால் பலம் எல்லாம் கையிருப்பில் இருக்கும். ஆனால் பரதம் நம்மை முதுகு நிமிர்த்தி, உடம்பை மேலே தூக்கிப் பிடித்தே பழக்கியிருக்கிறது. இங்கே வந்ததும் தரையில் விழச் சொல்கிறார்கள். தொப்பென்று விழுவதல்ல. முட்டியிலும் மணிக்கட்டிலும் எடையை ஏற்றாமல், தொடை, இடுப்பு, முதுகு என்று சதையுள்ள பக்கமாக இறக்கி உருள வேண்டும். அரங்கேற்றம் முடித்த எனக்கு அது லேசில் வரவில்லை. ஹிப்ஹாப் ஆடிக்கொண்டிருந்த சிவாஜிநகர் பையன் ஒருவன் முதல் வகுப்பிலேயே சர்வசாதாரணமாகச் செய்தான். பொறாமையாக இருந்தது.

காலையில் களரி, கேரளத்துச் சண்டைக்கலை. யானை, குதிரை, சிங்க வடிவுகளில் தாழ உட்கார்ந்து நகர வேண்டும். பரதத்தில் முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டி புண்ணியத்தில் அங்கே கொஞ்சம் மானம் பிழைத்தது. அப்புறம் பாலே. பாலேவிலும் அரைமண்டியைப் போலவே கால் வெளிப்பக்கம் திரும்பும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் பக்கவாட்டில் வைத்தால் முறுக்கு மொத்தமும் முட்டிக்குப் போகும். சின்ன வயதில் "இன்னும் உட்காரு, இன்னும் உட்காரு" என்று சொன்னார்களே தவிர, முட்டி கால்விரலுக்கு நேராக இருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்த்ததில்லை. அதுவும் மொசைக் தரையில். இங்கே அடியில் இடைவெளி விட்டுப் போட்ட மரத்தரை, மேலே வினைல் விரிப்பு. குதித்து இறங்கினால் அதிர்வைத் தரையும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. சேர்வதற்கு முன் எந்த இடமானாலும் ஃபீஸைக் கேட்பதோடு தரையையும் போய்ப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த நடன அமைப்பாளர் ஒருவரிடம் கிடைத்ததுதான் எனக்குப் பெரிய பாடம். "முகத்தில் எதுவும் வேண்டாம், கை மட்டும் போகட்டும்" என்றார். ஆடி முடித்ததும் மொபைலில் எடுத்ததைக் காட்டினார். கை வலப்பக்கம் போகிறது, கருவிழி அதன் பின்னாலேயே ஓடுகிறது. கை நின்றதும் புருவம் லேசாக ஏறுகிறது. வகுப்பே சிரித்தது. கை போகும் வழியே கண் போக வேண்டும் என்று ஏழு வயதில் ஏறியது, சொன்னவுடன் இறங்குமா? அவரும் அதை அழிக்கச் சொல்லவில்லை. "சரி, உடம்பைச் சும்மா வை, கண் மட்டும் ஆடட்டும்" என்று தலைகீழாக்கினார். கடைசி நிகழ்ச்சியில் நான் ஆடிய தனி ஆட்டம் அதிலிருந்து வந்ததுதான். அம்மாவுக்கு அந்த ஒரு பகுதிதான் பிடித்தது. மற்றதற்கெல்லாம், "தரையில புரளறதுக்காடி இவ்வளவு ஃபீஸ்?"

ஜாலஹள்ளியிலிருந்து:

நான் பரதத்திலிருந்து ஒடிசா நடனமான ஒடிசிக்குப் போனவள். அல்சூர் அக்கா சொல்லும் தொல்லை அங்கேயும் உண்டு. பரதத்தில் மார்பும் இடுப்பும் ஒரே துண்டாக நிற்கும். ஒடிசியில் இடுப்பை ஆட்டாமல் மார்புப் பகுதியை மட்டும் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். சௌக்கம் என்ற சதுரமான நிலையில் பாதங்களுக்கு இடையே இடம் விட்டு, எடையை இரண்டு காலிலும் சரிசமமாக வைக்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டே பழகினேன்.

ஒடிசியில் ஆர்வம் இருந்தால் ஹெசரகட்டா பக்கம் இருக்கும் நிருத்யகிராமத்தைப் பற்றி விசாரியுங்கள். புரோதிமா பேடி 1990-இல் தொடங்கிய குருகுலம் அது. நடனத்துக்காக ஒரு கிராமமே கட்டிய மாதிரி. கன்டெம்பரரி என்றால் 1992-இல் தொடங்கிய அட்டக்களரி நடன மையத்தையும் பாருங்கள்.

ஜே.பி.நகரிலிருந்து:

மேலே இருவரும் வகுப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் மேடைக்கு வருகிறேன். நடன நிகழ்ச்சிக்குப் பக்கவாட்டிலிருந்து, கணுக்கால் உயரத்திலிருந்துகூட விளக்கு அடிப்பார்கள். உடம்பின் வளைவு அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். ஆனால் ஆடுகிறவனுக்குக் கண் கூசி எதிரில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் முந்தைய நாளே விளக்கு மாறும் ஒவ்வொரு இடத்தையும் நடந்து பார்த்து, தரையில் டேப் ஒட்டி வைப்போம். ஆடவே மாட்டோம், நிற்போம், நகர்வோம், அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு மகா அறுவை. ஆனால் மேடையில் உயிரைக் காப்பாற்றுவது அதுதான்.

ஒரு விழாவில் அந்த நேரத்தை மைக் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். மேடையில் சிவப்புக் கம்பளம் வேறு. வெறுங்காலில் சுழன்றால் பாதத்தோல் உரியும். கெஞ்சி எடுக்க வைத்தோம். அதன் பிறகு சிறப்பு விருந்தினர்கள் ஒவ்வொருவருக்கும் சால்வை, பழத்தட்டு, மைசூர் பேட்டா தலைப்பாகை, பேச்சு. நாங்கள் உடம்பைச் சூடாக்கிவிட்டு ஓரத்தில் நிற்கிறோம், தசை ஆறிக்கொண்டே போகிறது. கடைசியில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு சாப்பாட்டு அண்டாக்களுக்கு நடுவே ஓடினோம். சமையல்கார அண்ணன், "முதல்ல சாப்பிட்டு ஓடுங்கப்பா" என்றார்.

எங்கள் ஏரியா நாடக அரங்கமான ரங்கசங்கராவை நினைத்துக்கொண்டேன். 2004-இல் திறந்ததிலிருந்து சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்துவிடுவார்கள், தாமதமாக வருபவர்களை உள்ளே விடமாட்டார்கள். சிலருக்குக் கோபம் வரும். ஆடுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று அந்த அண்டாக்களுக்கு நடுவில்தான் புரிந்தது.

வருமானம் பற்றியும் கேட்பீர்கள். மேடையில் கிடைப்பது ஆட்டோவுக்குச் சரியாகப் போகும். வாடகை கொடுப்பது ஒயிட்ஃபீல்டு அபார்ட்மென்டில் சனி, ஞாயிறு எடுக்கும் குழந்தைகள் வகுப்பும், ஐ.டி. கம்பெனி ஆண்டு விழாவுக்கு ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சினிமாப் பாட்டு ஆட்டமும்தான். டிசம்பரில் வேலை குவியும், அதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.