பொருள்: மறு: ‘வார்ப்புச்சொல்’ வேண்டுமா?

> ‘கடன் மொழிபெயர்ப்பு’ இருக்கிறதே. இன்னொரு சொல் எதற்கு?

ஐயா, வணக்கம்.

‘கடன் மொழிபெயர்ப்பு’ என்பது அயல்மொழிச் சொல்லின் பொருளைப் பகுதி பகுதியாக நம் சொற்களில் பெயர்க்கும் செயலின் பெயர். அச்செயலால் பிறந்த சொல்லை எப்படி அழைப்பது? ‘கடன் மொழிபெயர்ப்புச் சொல்’ என்று நாலு முறை எழுதிப் பாருங்கள், கை வலிக்கும். ‘வார்ப்புச்சொல்’ என்கிறேன்: அச்சு அயலாருடையது, ஊற்றிய உலோகம் நம்முடையது.

சோமாலி மொழியைப் பார்ப்போம். 1972-இல் இலத்தீன் எழுத்தை ஏற்று அது அரசு மொழியானபோது, அதுவரை ஆங்கிலத்திலும் இத்தாலியத்திலும் ஓடிய அலுவலகங்களுக்குச் சொற்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. நேரடிக் கடன் அவர்களுக்குப் புதிதல்ல. புத்தகத்துக்கு அரபு வழி ‘கிதாப்’, ஆங்கில வழி ‘பூக்’; காருக்கு இந்தி ‘காடி’யிலிருந்து ‘காரி’. இத்தாலியப் பாஸ்தா ‘பாஸ்தோ’ ஆயிற்று. (சோமாலியில் ‘பல்’லின் பகரம் கிடையாது, ‘பயம்’ என்பதில் ஒலிக்கும் பகரம்தான் உண்டு. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன்.)

இவை கடன்சொற்கள், இதில் வழக்கே இல்லை. ஆனால் செயற்கைக்கோளை அவர்கள் ‘தயஹ் கஅமேத்’ என்கிறார்கள். ‘தயஹ்’ நிலா, அடுத்தது ‘கையால் ஆனது’. அரபிலும் அது ‘செயற்கை நிலா’தான். அச்சு எது, உலோகம் எது என்று பளிச்சென்று தெரிகிறது.

> அப்படியானால் அவர்கள் ஆக்கிய எல்லாமே வார்ப்புச்சொல் ஆகிவிடுமே?

ஆகாது. தூதருக்கு அவர்கள் வைத்த பெயர் ‘தன்ஜிரே’. ‘தன்’ என்றால் நலன். ‘கேல்ஜிரே’ என்றால் ஒட்டகம் மேய்ப்பவர். ஆக, தூதர் நாட்டின் நலனை மேய்ப்பவர்! அரபின் ‘சஃபீர்’, இத்தாலியத்தின் ‘அம்பாஷியாத்தோரே’ எதிலும் மேய்ப்பர் இல்லை. இது ஒட்டகப் பட்டியிலேயே பிறந்த சொல். இதை ‘புத்தாக்கச்சொல்’ என்று தனியே வைக்கலாம்.

கணித்தமிழில் (கணினித் தமிழில்) ‘template’-க்கு ‘வார்ப்புரு’ இருப்பதால் குழப்பம் வரும் என்று ஓர் அம்மையார் எழுதியிருந்தார்கள். வார்ப்புரு அச்சு, வார்ப்புச்சொல் அதில் வெளிவந்தது. இரண்டும் உறவுக்காரர்கள் என்பது எனக்கு வசதியாகவே படுகிறது.

எனக்கு உறுத்துவது வேறு. நம் ‘செயற்கைக்கோள்’ வார்ப்புதானா? ஆங்கில அச்சில் (‘satellite’) இருந்தது துணைக்கோள். ஊற்றும்போது ‘துணை’யைச் சிந்திவிட்டோம். பட்டியலில் இப்போதைக்கு வார்ப்பு என்றே சேர்க்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.