வாரம் இரண்டு மணி நேரத்தில் பசங்களுக்கு என்ன செய்துவிட முடியும்?

தறிவீட்டுப் பொண்ணு, குடியாத்தம்

குடியாத்தத்தில் ஒரு லுங்கிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் ஞாயிறு சாயங்காலம் 13 முதல் 17 வயதுப் பசங்களுக்காகச் சிலர் ஒரு இடம் நடத்துகிறார்கள். கேரம், கதைப் புத்தகம், கொஞ்சம் பேச்சு, கடைசியில் சுண்டல். கூப்பிட்டார்கள் என்று மூன்று வாரமாகப் போகிறேன். ஒரு பிள்ளைகூட என்னிடம் வாய் திறக்கவில்லை. மனநலம் பற்றி நான் எதுவும் படித்ததில்லை. "அந்த நேரத்துக்கு வீட்டில் நாலு துணி துவைத்தாலாவது பிரயோஜனம்" என்கிறார் அம்மா. போவதா, விடுவதா?

ரயிலடித் தாத்தா, காட்பாடி

மூணு வாரம்தானே கண்ணு? எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

நான் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஏழு வருஷமாக சனிக்கிழமை ஐந்து மணிக்கு எங்கள் தெருப் பசங்களோடு உட்காருகிறேன். முதல் ரெண்டு மாசமும் கேரம் போர்டுக்கு போரிக் பவுடர் தூவியதுதான் என் வேலை. புத்தி சொல்லப் பார்த்தேன், எழுந்து போய்விட்டார்கள்.

ஒரு மே மாசம், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். எப்போதும் முதல் ஆட்டத்துக்கு அடித்துக்கொள்ளும் பையன் அன்றைக்கு ஆடவே இல்லை. சிவப்புக் காயைக் கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். நானும் கேட்கவில்லை. டீ வாங்கித் தந்தேன். ஆடை கட்டும் வரை டம்ளரைத் தொடவில்லை. எல்லாரும் போன பிறகு, "கணக்கு போச்சு தாத்தா. நைனாவுக்கு இன்னும் தெரியாது" என்றான். அந்த வருஷமே துணைத் தேர்வு எழுதலாம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று விசாரிக்க மறுநாள் ரெண்டு பேருமாக அலைந்தோம். அவன் நைனா தோல் ஷாப்பிலிருந்து வந்ததும் நானே போய்ச் சொன்னேன். அந்த மனுஷன் சத்தம் போட்டார், அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டார். சனிக்கிழமை போனால் இந்தக் கிழவன் இருப்பான் என்று தெரிந்ததால்தான் அந்தப் பையன் அன்றைக்கு வந்தான். வேறெதுவும் நான் செய்துவிடவில்லை.

சறுக்கியதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை மகள் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் தங்கிவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்தால் ஒருத்தன் வருவதை நிறுத்தியிருந்தான். தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அது இன்னும் உறுத்துகிறது.

வார்டு அக்கா, வேலூர்

தாத்தா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், நர்ஸாக. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். பாலியல் தொல்லை என்று தெரிந்தால், 2012 போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. "செத்துடலாம்போல இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாமல் பெரியவர் ஒருவரைக் கூட வையுங்கள். 2022 முதல் இருக்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, காசில்லை, தமிழில் பேசலாம். நேரில் காட்ட அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை இருக்கிறது, பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது. வைத்தியம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அங்கே போகிறவரை கூட நடப்பதுதான் உங்கள் பங்கு.

ஆற்காட்டான்

போட்டோ எடுக்கிற கூட்டமாக இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். எங்கள் ஊருக்கு ஒரு குழு பேனரோடு வந்தது, பசங்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தது, பேனரைச் சுருட்டிக்கொண்டு போனது. அவ்வளவுதான்.

தறிவீட்டுப் பொண்ணு, குடியாத்தம்

பேனர் இல்லை, ஒரு ஓட்டை ஃபேன்தான் இருக்கிறது. நேற்றும் போனேன். அடுத்த ஞாயிறு ஆரணியில் கல்யாணம், வர முடியாது, அதற்கடுத்த வாரம் வருவேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். யாரும் பதில் சொல்லவில்லை. ஒருத்தன் மட்டும் ஸ்ட்ரைக்கரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப சுண்டல் யார் குடுப்பாங்க?" என்றான்.