அப்பச்சிக்கு ஒரு பொழுதுபோக்கு சொல்லுங்களேன்

குழுவில் உள்ள ஆச்சிகளுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம். எங்கள் ஊர் காரைக்குடி பக்கம். அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, 68 வயது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கடையை மூடிவிட்டார்கள். இப்போது நாள் முழுக்க வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) உட்கார்ந்து கைபேசியையே பார்க்கிறார்கள். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

எனக்குப் பிடித்தது கொட்டான் என்கிற ஓலைக்கூடை பின்னுவது. ஆயா (பாட்டி) கற்றுக்கொடுத்தது. பனை ஓலையை வகிர்ந்து, சாயமேற்றி, ஈரத்துணியில் சுற்றிவைத்துப் பின்ன வேண்டும். காய்ந்த ஓலை மடிக்கும்போதே முறிந்துவிடும். ஒரு சின்னக் கொட்டான் முடிவதற்குள் மனசு லேசாகிவிடும். அப்பச்சியோ, "விரல் மடங்கலையே ஆத்தா" என்று வைத்துவிட்டார்கள்.

அப்புறம், போன மார்கழியில் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போனேன். பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். நத்தைக்குத்தி நாரைகளை அப்பச்சி ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்தார்கள். அந்த முகத்தை மறக்க முடியவில்லை. ஆனால் பறவைகள் குளிர்காலத்தில்தானே வருகின்றன, மற்ற மாதங்களுக்கு என்ன செய்வது?

நீங்கள் உண்மையிலேயே ரசித்துச் செய்வது எது என்று சொல்லுங்கள். அதிகம் நடக்கக் கூடாது, உட்கார்ந்தபடி செய்வதாக இருந்தால் நல்லது. பழைய நாணயமோ தபால்தலையோ சேர்ப்பவர்கள் இருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். பல்லாங்குழி ஆட வரும் பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் இன்னும் சந்தோஷம். காபி எங்கள் வீட்டில்தான்.